ஊர் எல்லையில் குவிந்து கிடக்கும் பழைய டயர்: சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது?

வந்த கேள்வி இது: "எங்கள் ஊருக்கு வெளியே ஒரு காலிமனையில் ஒரு வருடமாகப் பழைய டயர்களைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கும். கொசு தாங்கவில்லை. சில இரவுகளில் ரப்பர் கருகும் நாற்றமும் வருகிறது. அமெரிக்காவில் டயர் வாங்கும்போதே ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு அரசாங்கமே இதையெல்லாம் அகற்றிவிடுகிறதாமே, நம் நாட்டில் அப்படி விதி கிடையாதா?"

விதி இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து நல்ல நீளமான விதியே இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர் மனையை யாராவது வந்து காலி செய்ய வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது புரிந்தால், நீங்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதும் புரியும். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது. நான் நாமக்கல் பக்கம், தேய்ந்த லாரி டயருக்குப் புது மேல்ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறையில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தவன். இப்போது ரப்பர் மறுசுழற்சி செய்யும் சிறு ஆலைகளுக்கு அனுமதி, கணக்கு வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆக, இரண்டு பக்கத்து அழுக்கும் என் கையில் ஒட்டியிருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாடு. அமெரிக்காவில் தேய்ந்த டயருக்கு விலை கிடையாது. அதைத் தொலைக்க நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். இங்கே தேய்ந்த டயருக்கு விலை உண்டு. காயலாங்கடைக்காரர் உங்களுக்குக் காசு கொடுத்து எடுத்துப் போவார். இரண்டு நாட்டுச் சட்டமும் வேறு வேறு ஆனதற்கு இதுதான் காரணம். அங்கே டயர் மலைமலையாகக் குவிந்தது, அதனால் மலையைக் கரைக்கச் சட்டம் போட்டார்கள். இங்கே டயர் தேங்கவில்லை, கைமாறிக் கைமாறி எங்கோ ஓர் அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் இங்கே சட்டம் அந்த அடுப்பைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே ஒரு தொழில் நடந்தது. டயர் கடைகளிடம் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பழைய டயரை எடுத்து வந்து, தன் நிலத்தில் கொட்டிவிட வேண்டியது. என்றாவது ஒருநாள் விலை வரும் என்று ஒரு நம்பிக்கை, வராவிட்டாலும் வாங்கிய காசு லாபம். வர்ஜீனியா மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற ஊர் அருகே இப்படிச் சேர்ந்த சுமார் 70 லட்சம் டயர்களில் 1983 அக்டோபர் 31 அன்று தீப்பிடித்தது. அணைய ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆனது. டயர் எரிந்தால் புகையோடு போகாது. உள்ளே உருகி எண்ணெயாக வடியும். அந்த எண்ணெய் பக்கத்து ஓடையில் இறங்கியது. மண்ணையும் நீரையும் சுத்தம் செய்யும் வேலை இருபது வருடத்துக்கு நெருக்கமாக நீண்டது. 1990 பிப்ரவரியில் கனடாவின் ஹேகர்ஸ்வில் என்ற இடத்தில் இதே போல ஒரு குவியல் பதினேழு நாள் எரிந்தது. வேல்ஸில் 1989-ல் பற்றிய ஒரு குவியல் அடியில் புகைந்துகொண்டே பதினைந்து வருடம் கிடந்தது.

ஏன் அணைக்க முடிவதில்லை என்றால், டயரின் வடிவமே அதற்குத் தோதானது. குவியலில் பெரும்பகுதி வெறும் காற்றுதான், ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஓர் உலைக்குழாய். மேலே தண்ணீர் அடித்தால் டயரின் முதுகில் வழிந்து ஓடிவிடும், உள்ளே போகாது. எடைக்கு எடை பார்த்தால் நிலக்கரிக்குக் குறையாத வெப்பம் இதற்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் மத்திய சட்டம் பழைய டயரை அபாயக் கழிவாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் போட்டன. முதலில் போட்டது மின்னசோட்டா, 1984-ல். கலிஃபோர்னியா 1989-ல் சட்டம் இயற்றி, டயருக்கு 25 சென்ட் கட்டணம் வைத்தது. அது போதவில்லை. 1998-ல் டிரேசி என்ற இடத்திலும், 1999 செப்டம்பரில் மின்னல் விழுந்து வெஸ்ட்லி என்ற இடத்திலும் தலா 70 லட்சம் டயர் அளவுக்கு எரிந்த பிறகு கட்டணம் ஒரு டாலர் ஆனது, 2005-ல் 1.75 டாலர் ஆனது. புது டயர் வாங்குகிறவர் பில்லோடு கட்டிவிடுகிறார். அந்தக் காசில்தான் கேட்பாரற்ற குவியல்களை அகற்றுகிறார்கள். நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

ஆனால் கட்டணத்தை விட எனக்குப் பிடித்தது அவர்கள் போட்ட எண்ணிக்கைக் கோடுகள். கலிஃபோர்னியாவில் ஒரே தடவையில் பத்து அல்லது அதற்கு மேல் பழைய டயர் ஏற்றிச் செல்ல வேண்டுமானால் பதிவு வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் எங்கே ஏற்றினாய், எங்கே இறக்கினாய் என்று சீட்டு வேண்டும். 500 டயருக்கு மேல் ஓரிடத்தில் வைத்தால் அனுமதி வேண்டும், 5,000 தாண்டினால் அது பெரிய அனுமதி. எண்ணிப் பார்க்கத் தெரிந்த எந்த அதிகாரியும் அமல்படுத்தக்கூடிய விதி. நாடு முழுக்க 1990-ல் சுமார் 100 கோடி டயர்கள் குவிந்து கிடந்ததாகக் கணக்கிட்டார்கள். 2017-ல் அது சுமார் 6 கோடியாகக் குறைந்துவிட்டது. அகற்றிய டயரில் பெரும்பங்கு சிமென்ட் சூளைகளிலும் காகித ஆலைகளிலும் எரிபொருளாகப் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எரிப்பதை முறையாக எரித்தார்கள், அவ்வளவுதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

ஒரு லாரி டயர் இங்கே எத்தனை பிறவி எடுக்கிறது என்று பாருங்கள். பட்டன், அதாவது ரோட்டில் உரசும் மேல்ரப்பர், தேய்ந்து மொட்டையானதும் அது குப்பைக்குப் போவதில்லை, பட்டறைக்கு வரும். எங்கள் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். டயரை விரித்து, உள்ளே பல்பு விட்டு, ஒரு சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் ஒரே மாதிரி வந்தால் சரி. ஓரிடத்தில் பொதுக்கென்று கேட்டால், அங்கே அடுக்கு விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவார். வட்டம் பெரிதானால் டயரைத் தனியே உருட்டிவிடச் சொல்வார். தேறியது பஃபிங் மெஷினுக்குப் போகும். மேல் ரப்பரை உரித்தெடுத்தால் கறுப்புத் துருவல் தேங்காய்ப்பூ மாதிரி குவியும். அந்தத் துருவலுக்கும் ஆள் உண்டு, மூட்டை கட்டி வாங்கிப் போவார்கள். அப்புறம் புது பட்டனை ஒட்டி, உறைபோட்டு, சேம்பருக்குள் வைத்து வேகவைத்தால் டயர் மறுபடி ரோட்டுக்கு ரெடி. நல்ல டயர் இரண்டு மூன்று தடவை இப்படி ஓடும்.

தேறாத டயருக்கும் வாழ்வு இருக்கிறது. காசிமேட்டுப் படகுகளின் விலாவில் தொங்குகிறது, கூரைத் தார்ப்பாயின் மேல் ஏறி உட்காருகிறது, செருப்பாகிறது, வாளியாகிறது. மிச்சம் எடைக்குப் போகும். எடைக்கு வாங்கியவர் வாய்ப்பக்கத்து இரும்பு வளையத்தை உருவி எடுத்துத் தனியே விற்பார். மீதியை வெட்டி, ஆலைக்கு அனுப்புவார். எந்த ஆலைக்கு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்து இறுக்கித்தான் டயர் செய்கிறார்கள். சுட்ட செங்கலை மறுபடி களிமண்ணாக்க முடியாதது மாதிரி, வெந்த ரப்பரை மறுபடி பால் ரப்பராக்க முடியாது. அதனால் மறுசுழற்சி என்றால் மூன்று நான்கு வழிகள்தான். பொடியாக்குவது ஒன்று. கிரம்ப் ரப்பர் என்பார்கள், அதைத் தாரோடு கலந்து ரோடு போடலாம், விளையாட்டுத் தரைக்கு விரிக்கலாம். இரசாயனமும் வெப்பமும் கொடுத்து ஓரளவு இளக்கி ரீகிளெய்ம் ரப்பர் ஆக்குவது இன்னொன்று, மிதியடி, சைக்கிள் டயர், ஷீட் எல்லாம் அதில் வரும். மூன்றாவது பைரோலிசிஸ். காற்றில்லாத கலத்தில் போட்டுச் சூடேற்றினால் டயர் பிரிந்து எண்ணெய், கரித்தூள், இரும்புக் கம்பி, வாயு என்று நான்காகும். எண்ணெய்தான் பெரிய பங்கு, பத்தில் நான்கு பங்கு வரை வரும். ஃபர்னஸ் ஆயில் விலைக்கு அது மலிவு என்பதால் பாய்லர்காரர்களும் தார் கலக்கும் ஆலைக்காரர்களும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பைரோலிசிஸ் தன்னளவில் கெட்ட தொழில்நுட்பம் அல்ல. தொடர்ச்சியாக ஓடும், வாயு கசியாத, தூளை மூடிய குழாயிலேயே வெளியேற்றும் ஆலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு முதலீடு அதிகம். நம்மிடம் பெருகியது வேறு வகை. தகர ஷெட். அதற்குள் படுக்கைவாட்டில் ஒரு பெரிய இரும்பு உருளை. ஆட்கள் டயரைக் கையாலேயே உள்ளே தள்ளிக் கதவைப் போல்ட் போட்டு மூடுவார்கள். அடியில் விறகு. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து வரும் வாயுவையே திருப்பி அடுப்புக்கு விடுவார்கள். ஒரு தொகுதி முடிந்ததும் உருளை நன்றாக ஆற வேண்டும். அடுத்த தொகுதிக்கு அவசரப்பட்டு முன்னதாகக் கதவைத் திறந்தால் உள்ளே மிச்சமிருக்கும் வாயுவும் வெளிக் காற்றும் கலக்கும். விபத்து பெரும்பாலும் அங்கேதான். ஆறிய பிறகு மண்வெட்டியால் கரித்தூளை வாரி வெளியே கொட்டுவார்கள். அந்தத் தூள் எப்படி என்று கேட்டால், நான் ஒரு ஆலையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து மூன்று நாள் கறுப்பாகச் சளி துப்பினேன். அங்கே வேலை செய்தவர்கள் வாயில் துண்டைக் கட்டியிருந்தார்கள்.

இந்த ஆலைகளின் விவகாரம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-ல் அங்கே கொடுத்த கணக்கு இது: 19 மாநிலங்களில் 637 டயர் பைரோலிசிஸ் ஆலைகள், விதிப்படி நடப்பவை 251, நடக்காதவை 270, மூடப்பட்டவை 116. அதாவது ஓடிக்கொண்டிருந்தவற்றில் பாதிக்கு மேல் விதியை மீறிய ஆலைகள், அதுவும் அரசே கொடுத்த கணக்கில். 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் வாடா பகுதியில் இப்படி ஓர் ஆலை வெடித்து இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த டயர்களைப் பதப்படுத்திய ஆலை அது என்று செய்தி வந்தது.

ஐரோப்பிய டயர் இங்கே எப்படி என்கிறீர்களா? அதுவும் மேலே சொன்ன விலைக் கதைதான். ஐரோப்பிய ஒன்றியம் முழு டயரை மண்ணில் புதைப்பதை 2003-லும், வெட்டிய டயரைப் புதைப்பதை 2006-லும் தடை செய்துவிட்டது. புதைக்க முடியாது, உள்ளூரில் அரைக்கக் கூலி அதிகம். அமுக்கிக் கட்டி மூட்டையாகக் கப்பலில் ஏற்றினால் வாங்கிக்கொள்ள ஒரு நாடு இருக்கிறது, காசும் தருகிறது. ஏற்றாமல் இருப்பார்களா? ஆஸ்திரேலியா மட்டும் 2021 டிசம்பர் 1 முதல், முழு டயரை அப்படியே கட்டி ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. நம் பக்கத்தில், வந்த பழைய டயரை நேரே வண்டியில் மாட்டி ஓட்டுவதற்காக இறக்குமதி செய்வது முன்பிருந்தே தடை. மறுசுழற்சிக்கு என்று சொன்னால் அனுமதியோடு கொண்டுவரலாம்.

இந்த இடத்தில் பிரேசிலைப் பற்றி ஒரு வார்த்தை, கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை என்றாலும். ரீட்ரெட் செய்த டயரை இறக்குமதி செய்யக் கூடாது என்று பிரேசில் தடை போட்டது. ஏற்கெனவே ஒரு பிறவி ஓடி முடித்த டயர் வந்து இறங்கினால், அது சீக்கிரமே எங்கள் ஊரில் குப்பையாகும், டெங்கு வரும், தீப்பிடிக்கும் என்று வாதாடியது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2007 டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு சொன்ன தீர்ப்பு சுவாரசியமானது: கொசுவையும் தீயையும் காரணம் காட்டித் தடை போடுவது நியாயம்தான், ஆனால் பக்கத்து நாடுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு மற்ற நாடுகளுக்குத் தடை என்பது பாரபட்சம். காரணம் ஜெயித்தது, தடையை நடத்திய விதம் தோற்றது. பழைய டயர் இவ்வளவு தூரம் போகக்கூடிய விஷயம்.

இப்போது நம் 2022 விதி. அபாயகரக் கழிவு மேலாண்மைக்கு என்று 2016-ல் வந்த விதிகள் இருந்தன. அவற்றைத் திருத்தி, ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்து, 2022 ஜூலை 21 அன்று அறிவித்தார்கள். உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு என்பது இதன் பெயர், தொழிலில் எல்லோரும் இ.பி.ஆர். என்றுதான் சொல்வார்கள். சாரம் இதுதான்: சந்தைக்கு டயர் கொண்டுவந்தவன் அதே அளவு பழைய டயர் மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பு. டயர் கம்பெனி மட்டுமல்ல, புது டயர் இறக்குமதி செய்கிறவர், பழைய டயரை இறக்குமதி செய்கிறவர் எல்லோரும் இதில் 'உற்பத்தியாளர்'தான்.

அளவு படிப்படியாக ஏறியது. 2022-23-ல், 2020-21-ல் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த எடையில் 35 விழுக்காடு. 2023-24-ல், 2021-22-ன் எடையில் 70 விழுக்காடு. 2024-25-லிருந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய எடையில் முழு நூறு விழுக்காடு. ஒரு கம்பெனி 2022-23-ல் ஒரு லட்சம் டன் டயர் விற்றது என்றால், 2024-25-ல் ஒரு லட்சம் டன்னுக்கு அது கணக்குக் காட்ட வேண்டும். பழைய டயரை இறக்குமதி செய்கிறவருக்கு இந்தப் படிகள் எல்லாம் இல்லை, முந்தைய வருடம் கொண்டுவந்த எடை முழுவதற்கும் பொறுப்பு. பைரோலிசிஸ் எண்ணெயோ கரித்தூளோ எடுப்பதற்காகப் பழைய டயரை இறக்குமதி செய்யவே கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது.

கம்பெனி தெருத்தெருவாகப் போய் டயர் பொறுக்க வேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சி ஆலை, தான் தயாரித்து விற்ற பொருளின் எடைக்கு ஏற்பச் சான்றிதழ் உருவாக்கும். கம்பெனி அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கித் தன் கணக்கில் காட்டும். எல்லாம் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் நடக்கும். என்ன பொருள் தயாரித்தாய் என்பதைப் பொறுத்துச் சான்றிதழின் மதிப்பு மாறும். ரீட்ரெடிங் செய்தால் அந்த டயரின் கடமை தீர்ந்துவிடாது, தள்ளிப்போகும். எப்படியும் அந்த டயர் ஒருநாள் சாகத்தானே போகிறது, அப்போது கணக்குக் கொடு என்கிறார்கள். நியாயமான ஏற்பாடு என்பது பட்டறைக்காரனாக என் கருத்து. குறிவைத்த அளவை எட்டாத கம்பெனி சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டியதோடு கடமை முடிந்தது என்று இல்லை, பாக்கி அடுத்த வருடங்களுக்கு ஏறும். சீக்கிரம் முடித்துக் காட்டினால் கட்டியதில் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கும், தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பங்கு குறையும், மூன்று வருடம் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

இதில் நல்லது என்ன? முன்பெல்லாம் முறையாக நடத்துகிற ஆலைக்காரருக்கு ஒரு தண்டனை இருந்தது. புகைக்கு வடிகட்டி, தண்ணீருக்குச் சுத்திகரிப்பு, ஆட்களுக்குக் காப்பீடு என்று செலவு செய்கிறவரால், தகர ஷெட்காரர் கொடுக்கும் விலையைக் கொடுத்து டயரை வாங்க முடியாது. ஷெட்காரர் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட வைத்தால் லோடு அங்கே திரும்பிவிடும். இப்போது முறையான ஆலைக்குச் சான்றிதழ் வழியாக இன்னொரு வருமானம் வந்திருக்கிறது. அந்தக் காசை வைத்து டயருக்குப் போட்டி போடலாம். டயரின் பாதையைத் திருப்ப வேண்டுமானால் விலையால்தான் திருப்ப முடியும், மிரட்டலால் முடியாது. இந்த ஒரு விஷயத்தை விதி எழுதியவர்கள் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள்.

குறை என்ன? அது தாளில் நடக்கும் கணக்கு. தாள் இருந்தால் போலியும் இருக்கும். பிளாஸ்டிக்குக்கு இதே போன்ற சான்றிதழ் முறை வந்தபோது, சில ஆலைகள் சேர்ந்து ஆறு லட்சம் போலிச் சான்றிதழ் உருவாக்கியதை 2023-ல் வாரியமே கண்டுபிடித்தது. டயரில் ஏமாற்றுவது கொஞ்சம் கடினம்தான், ஜி.எஸ்.டி. பில், மின்சார அளவு, விற்ற பொருள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் பில் மட்டும் பயணம் செய்து சரக்கு பயணம் செய்யாத கதை நம் நாட்டுக்குப் புதிதா என்ன?

இன்னொரு குறை எடையிலேயே இருக்கிறது. புது டயர் விற்கும்போது இருந்த எடை, மொட்டையாகி வரும்போது இருக்காது. தேய்ந்த ரப்பர் எங்கே? ரோட்டில், சாக்கடையில், நம் நுரையீரலில். டயர் ரப்பரில் விரிசல் விழாமல் காக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி, மழைநீரோடு ஆற்றில் இறங்கி, கோஹோ என்ற சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இந்தத் தூளுக்கு யாரும் சான்றிதழ் வாங்குவதில்லை.

இந்த விதி உங்கள் மனைக்கு உதவாமல் போவதற்குக் காரணம் மூன்றாவது குறை. இந்த விதி எடையைக் கேட்கிறது, இடத்தைக் கேட்பதில்லை. எந்த டயரை எடுத்தாய் என்று கம்பெனியை யாரும் கேட்க மாட்டார்கள். சுலபமாகக் கிடைக்கும் சுத்தமான லாரி டயரை எடுத்தாலும் கணக்குத்தான். சேறு நிரம்பி, முள்செடி முளைத்து, வெயிலில் வெடித்துப்போன டயரை ஊர் எல்லையில் போய் எடுக்க எந்த ஆலைக்காரரும் லாரி அனுப்ப மாட்டார். டீசல் காசு கட்டாது. கலிஃபோர்னியாவில் இருக்கிற, கேட்பாரற்ற குவியலை அகற்றுவதற்கு என்றே ஒதுக்கிய நிதி இங்கே இல்லை. என்னைக் கேட்டால், இழப்பீடாக வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்கு இதற்கென்றே கொடுக்கலாம். 500 டயருக்கு மேல் ஓரிடத்தில் வைத்தால் அனுமதி என்ற கோட்டையும் கடன் வாங்கலாம்.

சரி, இப்போதைக்கு உங்களால் என்ன செய்ய முடியும்?

முதலில் கொசு. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் டயர் விஷயத்தில் நம் ஊரில் வேகமாக வேலை செய்கிற சட்டம் 1939-ம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம்தான். டயரை எப்படிப் போட்டாலும் அதன் வயிற்றில் தண்ணீர் நிற்கும், நிழலும் இருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல பிரசவ வார்டு கிடையாது. முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும், அடுத்த மழைக்குப் பொரியும். ஆசியப் புலிக்கொசு 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறியதே ஜப்பானிலிருந்து போன பழைய டயர்களுக்குள் ஒளிந்துதான் என்று கண்டுபிடித்தார்கள். 2017-ல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டில் பஞ்சர் கடைகளிலும் பட்டறைகளிலும் புகுந்து டயர்களை அள்ளினார்கள், அபராதம் போட்டார்கள். எங்கள் பட்டறைக்கும் வந்தார்கள். எட்டு டயரில் புழு இருந்தது, மறுபேச்சுப் பேச முடியவில்லை. ஆகவே உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் 'மாசு' என்று எழுதாதீர்கள், 'கொசுப்புழு' என்று எழுதுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை எடுத்து, புழு நெளிவதைக் கைபேசியில் அரை நிமிடம் படம் பிடித்துக் கூடவே கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் அவர்களுக்கும் மேலிருந்து நெருக்குதல் இருக்கும்.

இரண்டாவது, இரவில் வரும் நாற்றம். இது வேறு துறை. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம், அதாவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டக் கிளை. டயரை வெட்டவெளியில் எரிப்பது குற்றம். போகி வந்தால் வருடா வருடம் டயர் எரிக்காதீர்கள் என்று இவர்கள்தான் அறிக்கை விடுகிறார்கள். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். அக்கம்பக்கத்தில் ஆலை இருந்தால் அதற்கு இவர்களின் இசைவாணை இருக்கிறதா, என்ன தொழிலுக்கு, எத்தனை டன்னுக்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். 'ரப்பர் பொடி' என்று வாங்கிய இசைவில் பைரோலிசிஸ் உருளை ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் இப்போது பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை போடலாம். 2024 ஏப்ரலுக்கு முன் சிறைத்தண்டனை இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். இது சரியா தவறா என்று தனியாகச் சண்டை போடலாம். ஆனால் சிறை இருந்த காலத்தில் யாரும் சிறைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

இரண்டு பக்கமும் அசையவில்லை என்றால், பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. நஷ்டஈடு கேட்காத மனுவுக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம். அது கடைசிப் படி, முதலில் மேலே சொன்ன இரண்டு மனுக்களின் நகலும் ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்று உண்டு, சட்டத்தில் இல்லாதது. டயர் கொட்டுகிறவரைப் பார்த்துப் பேசுங்கள். பெரும்பாலும் அவர் வில்லன் இல்லை. விலை ஏறும் என்று காத்திருக்கும் ஒரு சின்ன வியாபாரி, அல்லது வாங்கிக்கொண்டிருந்த ஆலை மூடிப்போனதால் மாட்டிக்கொண்டவர். மாவட்டத்தில் பதிவு பெற்ற ரீகிளெய்ம் அல்லது பொடி ஆலை எது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். முழு லோடு சேர்ந்தால் ஆலைக்காரரே வண்டி அனுப்பிய சமயங்கள் உண்டு. சுகாதார ஆய்வாளரின் நோட்டீஸ் அவர் கைக்கு வந்த மறுநாள் இந்தப் பேச்சு நன்றாக எடுபடும்.

எழுதுவதற்கு முன்னால் பகலில் ஒருமுறை மனைக்குப் போய் வாருங்கள். டயர்கள் முழுதாக இருக்கின்றனவா, வெட்டியிருக்கிறதா? வாய் வளையம் உருவியிருக்கிறதா? முக்கியமாக, தரையில் துருவேறிக் கருகிய மெல்லிய கம்பி, சிக்கிய முடிக்கற்றை மாதிரி, எங்காவது சுருண்டு கிடக்கிறதா? கிடந்தால் அவர்கள் அங்கேயே கம்பிக்காக எரிக்கிறார்கள், முதல் மனு மாசு வாரியத்துக்கு. கம்பி இல்லை, தண்ணீர் மட்டும்தான் என்றால் முதல் மனு சுகாதார ஆய்வாளருக்கு. எது என்று பார்த்துச் சொல்லுங்கள், மனுவில் எந்த விதியைக் குறிப்பிட வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.